காசு பேசக் கூச்சமா? ஓவியர்களுக்கான கணக்கு வழக்குக் கேள்விகள்

புத்தக அட்டை, பத்திரிகைக் கதைக்குப் படம், பள்ளிக்கூடச் சுவர், போட்டோ பார்த்து வரையும் குடும்பப் படம் என்று பதினெட்டு வருடமாக எனக்குச் சோறு போடுவது ஓவியம்தான். கும்பகோணத்தில் வீட்டு மாடியில் வேலை. கல்லூரி மாணவர்களும், வேலையை விட்டுவிட்டு வரைய வந்தவர்களும் அவ்வப்போது வந்து பேசுவார்கள். அவர்கள் கேட்பதில் பாதிக்கு மேல் பணம் பற்றித்தான். அதையும் ஏதோ வியாதியைப் பற்றி விசாரிக்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வரைகிறவனுக்கு எதற்கு வியாபாரம்? நன்றாக வரைந்தால் போதாதா?

சாப்பாட்டுக்கு வேறு வழி இருந்தால் போதும். இல்லையென்றால் போதாது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கம் பக்கம் போனால் சோழமண்டலம் ஓவியர் கிராமம் இருக்கிறது. 1966 இல் அதைத் தொடங்கியவர் கே.சி.எஸ். பணிக்கர். அப்போது அவர் சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். படித்து முடித்த பிள்ளைகள் வயிற்றுப்பாட்டுக்காக ஏதோ ஒரு வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய கவலை. ஓவியர்கள் சேர்ந்து பாத்திக் (மெழுகு பூசிச் சாயமேற்றும்) துணியும் கைவினைப் பொருட்களும் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில்தான் நிலம் வாங்கினார்கள். துணிக்குச் சாயம் போட்டதால் யாருடைய ஓவியமும் கெட்டுப்போகவில்லை. தென்னிந்திய நவீன ஓவியம் என்று இன்று பேசுவதில் பெரும்பங்கு அந்தக் கூட்டத்திலிருந்து வந்தது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. ராஜா ரவிவர்மா 1894 இல் பம்பாயில் அச்சகம் போட்டார். நம் பாட்டி வீட்டுப் பூஜை அறையில் மாட்டியிருந்த லட்சுமியும் சரஸ்வதியும் அந்த வழியில் வந்தவர்கள்தான். ஊரே வாங்கிய படம். ஆனாலும் அச்சகம் கடனில் மூழ்கியது. சில வருடங்களில் அங்கே வேலை பார்த்த ஷ்லைகர் என்ற ஜெர்மன்காரருக்கே அதை விற்க வேண்டியதாயிற்று. அவர் கைக்குப் போன பிறகு அதே அச்சகம் பல பத்தாண்டுகள் ஓடியது. படத்தில் ஒரு குறையும் இல்லை, கணக்கு வேறு சங்கதி என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

விலை எப்படிப் போடுவது? மற்றவர்கள் வாங்குவதைப் பார்த்துப் போடலாமா?

பார்க்கலாம், அதிலிருந்து தொடங்க வேண்டாம். நீங்கள் பார்க்கிற அந்த மற்றவரும் இன்னொருவரைப் பார்த்துத்தான் போட்டிருப்பார்.

நான் கணக்குப் பார்க்க ஆரம்பித்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு தம்பதியின் படம், ஏ3 அளவு, வாட்டர் கலர். 4,000 ரூபாய் வாங்கியிருந்தேன். நல்ல விலை என்றுதான் நினைத்தேன். ஒரு பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். காகிதம் 180. வர்ணம் உத்தேசமாக 120. கண்ணாடி போட்ட ஃப்ரேம் 850. பபிள் ஷீட், அட்டை, டேப் எல்லாம் 150. கூரியர் 350. மொத்தம் 1,650. கையில் நின்றது 2,350.

சரி, எத்தனை மணி நேரம்? வரைந்தது 14 மணி நேரம். “அம்மாவுக்கு இவ்வளவு நரை வேண்டாம்” என்பது மாதிரியான போன், வாட்ஸ்அப் பேச்சு மூன்று மணி நேரம். ஃப்ரேம் கடைக்குப் போய்க் காத்திருந்தது இரண்டு. பேக்கிங் ஒன்று. ஆக 20 மணி நேரம். வகுத்தால் மணிக்கு 117 ரூபாய் 50 காசு. அதே வாரம் மாடிப்படி பூச வந்த கொத்தனாருக்கு எட்டு மணி நேரத்துக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தேன், மணிக்கு 125. டீ, வடை தனி. அவர் கூலி நியாயமானது. என் கூலியில்தான் கோளாறு.

அதற்கப்புறம் தலைகீழாகக் கணக்குப் போட்டேன். வீட்டுக்கு மாதம் 30,000 வேண்டும். கரண்ட், இணையம், தேய்ந்து போகும் தூரிகை, கம்ப்யூட்டர் ரிப்பேர் எல்லாம் சேர்த்து 6,000. ஆக 36,000. மாதத்தில் 25 நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 200 மணி நேரம். ஆனால் அதில் பாதிதான் காசு தரும் வேலை. மீதி நேரம் பேச, அலைய, பழக, சும்மா உட்கார்ந்து யோசிக்கப் போய்விடும். யோசிக்கிற நேரத்தை ஒருநாளும் வெட்டாதீர்கள், அது போனால் படமே போய்விடும். எனவே 36,000 ரூபாயை 100 மணி நேரத்தில் சம்பாதிக்க வேண்டும், மணிக்கு 360. அந்தப் படத்துக்கு 14 மணி நேரம் என்றால் 5,040. பொருள் செலவு 1,650. கூட்டினால் 6,690. நான் வாங்கியது நாலாயிரம்.

இந்த எண்கள் என்னுடையவை. உங்கள் வாடகையும் உங்கள் வீட்டுச் செலவும் வேறு. முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வருவது தரைவிலை, அதற்குக் கீழே இறங்கினால் கைக்காசு போகும். பெயர் வளர வளர மேலே எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்.

சொந்தக்காரர்கள் இலவசமாகக் கேட்கிறார்களே?

கேட்பார்கள். “உனக்கு என்னடா, அரை மணி நேரத்துல போட்டுருவ” என்று என் அத்தை சொல்லாத தீபாவளி கிடையாது.

நான் இதை மொய்யாக எழுதிக்கொள்கிறேன். நிஜமாகத்தான் சொல்கிறேன். நம் வீட்டுக் கல்யாணத்தில் யார் 101 வைத்தார்கள், யார் 501 வைத்தார்கள் என்று மொய் நோட்டில் எழுதிப் பீரோவில் பத்திரமாக வைக்கிறோம். உறவில் கணக்கு வைப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. வருடத்துக்கு இத்தனை படம் உறவுக்கு என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். எனக்கு மூன்று. கல்யாணத்துக்குப் படம் கேட்டால், “அத்தை, இதுதான் என் மொய், கவர் தனியா வைக்க மாட்டேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவேன். நான்காவது ஆள் வந்தால், “இந்த வருஷம் முடிஞ்சுது, தை பிறக்கட்டும்”. யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பாதிப்பேர் தை பிறந்ததும் மறந்துவிடுகிறார்கள்.

உறவில்லாத நிறுவனம் “காசு இல்லை, ஆனால் உங்கள் பெயர் நாலு பேருக்குத் தெரியும்” என்று சொன்னால் அது வேறு கதை. அந்த நிகழ்ச்சியில் பந்தல்காரருக்கும் மைக் செட்டுக்கும் காசு கொடுக்கிறார்களா என்று பாருங்கள். கொடுத்தால் உங்களுக்கும் கொடுக்கலாம்.

நான் வரைந்தது எனக்குத்தானே சொந்தம்? எழுதி வாங்குவது அவசியமா?

இந்தக் கேள்விக்கு நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். அதனால் பதிலும் நீளம்.

ஒரு பதிப்பகத்துக்காக நாவல் அட்டை வரைந்தேன். 2,500 ரூபாய், எல்லாம் வாய்ப்பேச்சு. இரண்டு வருடம் கழித்து மளிகைக் கடையில் பருப்புக்காக நின்றபோது எதிர்ச் சுவரில் மாதக் காலண்டர். அதில் என் படம். கீழே ஓர் அரிசி மண்டியின் பெயர், ஓரத்தில் இருந்த என் கையெழுத்தைக் காணோம். பதிப்பாளருக்கு போன் போட்டேன். “தம்பி, காசு கொடுத்துத்தானே வாங்கினோம்? அச்சகத்துக்காரர் கேட்டார், கொடுத்தேன்” என்றார். கொதித்துப்போய் வக்கீலிடம் ஓடினேன். அவர் பொறுமையாக 1957 ஆம் ஆண்டுக் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 17 ஆவது பிரிவை எடுத்துப் படித்துக் காட்டினார்.

வரைந்தவருக்கே உரிமை என்பது பொது விதி. ஆனால் அதிலேயே ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியம் என்றால், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், காப்புரிமையின் முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான். போட்டோவுக்கும் அப்படித்தான். நீங்களாக வரைந்து வைத்து, ஒருவர் பிடித்துப்போய் வாங்கினால் கதை வேறு. அப்போது அவர் வாங்கியது அந்தத் தாளை மட்டும், காப்புரிமை உங்களிடமே இருக்கும். ஆர்டர் வேலையில் எழுத்து இல்லையென்றால் நிலைமை தலைகீழ். அதாவது அந்தப் பதிப்பாளர் சொன்னது முழுக்கத் தப்பு என்று என்னால் வாதாட முடியவில்லை.

ஒன்று மட்டும் என் கையில் இருந்தது. 57 ஆவது பிரிவுப்படி, உரிமையை விற்றுவிட்டாலும் “இது நான் வரைந்தது” என்று சொல்லும் உரிமை வரைந்தவரை விட்டுப் போகாது. படத்தைச் சிதைத்து அவர் பெயருக்குக் களங்கம் வரும்படி பயன்படுத்தினாலும் கேட்கலாம். கையெழுத்தை வெட்டியதற்காக ஒரு கடிதம் போட்டோம். வருத்தம் தெரிவித்து இரண்டு வரி வந்தது, காசு வரவில்லை. வக்கீல் ஃபீஸ் ஆயிரம்.

நீங்கள் உரிமையை எழுதிக் கொடுக்கும்போதும் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடம் என்று அதில் சொல்லவில்லையென்றால் ஐந்து வருடம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த ஊர்வரை என்று இல்லையென்றால் இந்தியா மட்டும். அதனால்தான் பெரிய நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் “உலகம் முழுதும், என்றென்றைக்கும்” என்று போட்டிருப்பார்கள். அந்த இரண்டு சொல்லைப் பார்த்தால் விலையை உயர்த்துங்கள். முடியாதென்றால் அந்தச் சொற்களை அடிக்கச் சொல்லுங்கள். ஓவியர் வாழும் காலமும் அதற்கப்புறம் 60 வருடமும் ஓடுகிற சொத்து இது. உங்கள் பேரன் கேட்பான்.

ஒப்பந்தம் என்றாலே வாடிக்கையாளர் பயந்து ஓடிவிட மாட்டாரா?

முத்திரைத்தாளை நீட்டினால் ஓடுவார். நான் வாட்ஸ்அப்பில் அனுப்புவது இவ்வளவுதான்:

“வணக்கம் சார். நாவல் அட்டைப்படம் ஒன்று, கட்டணம் 9,000 ரூபாய். பாதி முன்பணம் வந்ததும் வேலை தொடங்கும். மீதி, இறுதிப் படம் அனுப்பும் முன். ரஃப் ஸ்கெட்ச் இரண்டு காட்டுவேன். கரெக்‌ஷன் இரண்டு முறை, அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 750. இந்த நாவலின் தமிழ் அச்சுப் பதிப்புக்கும் அதன் விளம்பரத்துக்கும் ஐந்து வருடம் பயன்படுத்தலாம். வேறு எதற்கும் தனியாகப் பேசிக்கொள்வோம். காப்புரிமை ஓவியரிடம் இருக்கும். உள்பக்கத்தில் ஓவியர் பெயர் வர வேண்டும். சம்மதம் என்றால் ‘சம்மதம்’ என்று பதில் போடுங்கள்.”

நல்லவர்கள் ஒரு நிமிடத்தில் “சம்மதம்” போட்டுவிடுகிறார்கள். “நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்” என்று இழுப்பவர்தான் பிற்பாடு எட்டாவது கரெக்‌ஷன் கேட்கிறவர். பெரிய தொகை என்றாலோ உரிமையையே முழுதாக மாற்றிக்கொடுப்பது என்றாலோ வாட்ஸ்அப்போடு நிறுத்தாமல் தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

வேலை முடிந்தது, பணம் வரவில்லை. என்ன செய்வது?

முன்பணம் வாங்காமல் ஆரம்பித்திருந்தால், முதலில் அந்தப் பழக்கத்தை விடுங்கள். மீதி வரும்வரை குறைந்த ரெசல்யூஷனில், குறுக்கே பெயர் போட்ட படத்தை மட்டும் காட்டுங்கள்.

நிறுவனங்களோடு வேலை செய்பவர்களுக்கு உத்யம் பதிவு ஒரு நல்ல ஆயுதம். குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு இது. ஆதாரும் பானும் இருந்தால் இணையத்தில் நீங்களே பதியலாம், கட்டணம் கிடையாது. காசு கேட்கும் போலித் தளங்கள் நிறைய, அரசுத் தளம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2006 ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த சிறு தொழிலுக்கு, வேலையை வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் தவணை பேசவில்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வட்டியைப் போல மூன்று மடங்கு, அதுவும் கூட்டு வட்டி. மாநில அரசு அமைத்திருக்கும் மன்றத்தில் இணையம் வழியாகவே முறையிடலாம்.

நான் ஒரு தடவையும் மன்றம்வரை போனதில்லை. பில்லின் அடியில் உத்யம் எண்ணையும் “45 நாள்” என்ற வரியையும் அச்சடித்ததிலிருந்து பணம் வேகமாக வருகிறது. 2024 முதல் வருமான வரியிலும் ஒரு பிடி விழுந்திருக்கிறது: இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை, அதைக் கொடுத்து முடிக்கும் வருடம்வரை அந்த நிறுவனம் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே உங்களுக்காக போன் போடுவார்.

கேலரிக்காரர் பாதி கேட்கிறார். கொள்ளை இல்லையா?

இல்லை. விற்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை கேலரி எடுப்பது வழக்கம்தான். வாடகை, விளக்கு, அழைப்பிதழ், வாங்குகிற ஆட்களின் தொடர்பு எல்லாம் அவருடையது. கேட்க வேண்டியது வேறு: ஃப்ரேம் செலவு யாருடையது, வண்டிக்கூலி யாருடையது, விற்காத படம் எந்தத் தேதிக்குள் திரும்பும், விற்றால் எத்தனை நாளில் பணம் வரும். கொடுத்த படங்களின் பட்டியலில் அவர் கையெழுத்து இருக்கட்டும். கேலரியில் இருபதாயிரம், வீட்டில் வந்தால் பத்தாயிரம் என்று மட்டும் விற்காதீர்கள். ஒரே மாதத்தில் தெரிந்துவிடும்.

அசல் ஓவியம் மறுபடி பத்தாயிரத்துக்கு மேல் விலைபோனால் ஓவியருக்கும் ஒரு பங்கு உண்டு, பத்து சதவீதத்துக்கு மிகாமல் என்று சட்டத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த யாருக்கும் அது கைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

ஜிஎஸ்டி, டிடிஎஸ் என்றாலே தலை சுற்றுகிறது.

சுற்ற வேண்டாம். கட்டணம் வாங்கி வரைந்து கொடுப்பது சேவை. வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. நம்மில் பலருக்கு அது இன்னும் கனவுதான்.

டிடிஎஸ் என்பது நிறுவனம் உங்கள் பணத்தில் பிடித்து, உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டுவது. 2025 ஏப்ரல் முதல், தொழில்முறைக் கட்டணம் வருடத்தில் 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். ஒப்பந்த வேலை என்று கணக்கு வைத்தால் தனிநபருக்கு ஒரு சதவீதம். பான் கொடுக்காவிட்டால் 20. இது தொலைந்துபோன பணம் இல்லை. புதிய வரி முறையில் 12 லட்சம்வரை வருமானத்துக்கு வரி கிடையாது. ரிட்டர்ன் தாக்கல் செய்தால் பிடித்தது வங்கிக் கணக்குக்குத் திரும்பி வரும். எத்தனையோ ஓவியர்கள் “வரி வரம்புக்குள்ளேயே நான் இல்லையே” என்று தாக்கல் செய்யாமல் அதை அரசிடமே விட்டுவிடுகிறார்கள். ரிட்டர்ன் இருந்தால் வங்கிக் கடனும் விசாவும் சுலபம்.

ஆடிட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பில்களைப் பையில் போட்டு அவர் தலையில் கொட்டாதீர்கள். வேலைக்கென்று தனி வங்கிக் கணக்கு, அதற்கு மட்டும் ஜிபே. அப்புறம் ஒரு நோட்டு: இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ஞாயிற்றுக்கிழமை காலை காபியோடு பத்து நிமிடம்.

ஒரு மாதம் கொட்டுகிறது, மூன்று மாதம் காய்கிறது. எப்படிச் சமாளிப்பது?

எந்த மாதம் காயும் என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீரும். மூன்று வருட நோட்டைப் புரட்டினால் அது தெரிந்துவிடும். எனக்குப் புத்தக அட்டைகள் கார்த்திகை, மார்கழியில் குவியும், ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி இருப்பதால். ஆடியில் கல்யாணம் இல்லை, தம்பதி படம் கேட்டு ஆள் வராது. சிவகாசியில் அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் (மாதிரிப் புத்தகம்) ஆடிப்பெருக்குக்கு வெளியாகும். காலண்டருக்கு வரைகிறவர்கள் அதற்கு வெகு முன்பே வேலையை முடித்துக் கொடுத்திருப்பார்கள்.

தையில் வருவதில் மூன்றில் ஒரு பங்கை எடுத்து ஆடிக்கு வைக்கிறேன். அது சொந்தச் சம்பளம். விவசாயி வீட்டில் விதைநெல்லைத் தனியாகக் கட்டி வைப்பார்களே, அதே மாதிரி.

நான் ஓவியர் இல்லை, பாட்டு எழுதி இசையமைக்கிறேன். எனக்கும் இதெல்லாம் பொருந்துமா?

விலையும் எழுத்தும் பொருந்தும். கூடுதலாக உங்களுக்கு ராயல்டி இருக்கிறது. 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, சினிமாவுக்கோ ஆல்பத்துக்கோ கொடுத்த பாடலாக இருந்தாலும், தியேட்டரில் படத்தோடு ஓடுவது தவிர்த்த மற்ற பயன்பாடுகளில் எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும், உரிமையை வாங்கியவரோடு சமபங்கு ராயல்டி உண்டு. அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்து எழுதினாலும் செல்லாது, வாரிசுக்கோ காப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர. ஐபிஆர்எஸ் அப்படி ஒரு சங்கம், 1969 முதல் இருக்கிறது. உறுப்பினராகாமல் வீட்டில் இருந்தால் பணம் தேடி வராது. கிராமிய, செவ்வியல் இசை, நடனம், நாடகம் நடத்துபவர்களுக்கு ஒரு நிகழ்ச்சிக்கு ஒன்றரை லட்சம்வரை ஜிஎஸ்டி விலக்கும் உண்டு.

இன்ஸ்டாகிராமில் ஐயாயிரம் பேர் இருக்கிறார்கள். ஆர்டரே வரவில்லையே?

விலையும், எப்படி ஆர்டர் கொடுப்பது என்பதும் உங்கள் பக்கத்தில் எங்காவது எழுதியிருக்கிறதா? “விலைக்கு மெசேஜ் செய்யவும்” என்று போட்டால் கூச்சப்படுகிற பாதிப்பேர் செய்யாமலே போய்விடுவார்கள். கூச்சம் நமக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது.

எல்லாம் சரி, விலையைச் சொல்லும்போது வாயே வரவில்லை.

எனக்கும் வராது. “ஒரு... அஞ்சாயிரம்... உங்களால எவ்வளவு முடியுமோ பாத்துக் கொடுங்க சார்” என்றுதான் பத்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பேரம் பேசும் முன்பே நானே என்னிடம் பேரம் பேசி முடித்திருப்பேன்.

அந்த டைரிக் கணக்குப் போட்ட அடுத்த வாரம் திருச்சியிலிருந்து ஒருவர் அழைத்தார். அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு அதே ஏ3 படம் வேண்டும் என்றார். எண்ணைத் தாளில் எழுதி முன்னால் வைத்துக்கொண்டு, பார்த்து வாசித்தேன்: “ஆறாயிரத்து எழுநூறு ரூபாய் சார்.” அதற்கப்புறம் வாயை மூடிக்கொண்டேன். வழக்கமாக அந்த இடத்தில்தான் உளறுவேன். எதிர்முனையில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குக் காது சூடாகிவிட்டது.

“ஆறரை போட்டுக்கலாமா சார்?” என்றார்.

போட்டுக்கொண்டோம்.